ஆட்லர், பிராங்க்ஃபர்ட்: ஒரே ஆலையில் தட்டச்சுப்பொறியும் மோட்டார் சைக்கிளும்

கார்பன்தாள்:
"டைப்ரைட்டர் செஞ்ச கம்பெனிக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?" என்று பக்கத்து இழையில் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

ஆட்லர் என்ற அந்த ஜெர்மன் நிறுவனத்தின் விஷயத்தில் இரண்டுக்கும் முன்பே சைக்கிள் வந்துவிட்டது. ஹைன்ரிக் கிளையர் 1880இல் பிராங்க்ஃபர்ட்டில் எந்திரங்களும் சைக்கிளும் விற்கும் கடையாகத்தான் ஆரம்பித்தார். பிறகு சொந்தத் தயாரிப்பு, 1895இல் பங்கு நிறுவனம். 1898இல் தட்டச்சு, 1900இல் கார், 1901இல் மோட்டார் சைக்கிள். நாலு வருஷத்துக்குள் மூன்று புதுத் தொழில்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. 1890களின் கடைசியில் ஜெர்மனியில் சைக்கிள் சந்தை படுத்துவிட்டது. ஆலைகள் அளவுக்கு மீறி உற்பத்தி செய்திருந்தன, அமெரிக்காவிலிருந்து மலிவு சைக்கிள்களும் வந்து குவிந்தன. குழாய்களைப் பற்றவைக்கும் பிரேஸிங், நிக்கல் முலாம், எனாமல் சூளை, தகடு வெட்டும் பிரெஸ், சின்ன உருக்குப் பாகங்களைக் கடினமாக்கும் உலை எல்லாம் வேலையில்லாமல் நின்றன. தட்டச்சுப்பொறிக்கு வேண்டியது கிட்டத்தட்ட இதே பட்டியல்தான்: நூற்றுக்கணக்கான சின்ன நெம்புகள், எல்லாம் ஒரே அளவில், ஒன்றை எடுத்து இன்னொன்றில் மாட்டினால் பொருந்த வேண்டும். அந்த ஒழுங்கு கைவந்த ஆலைக்கு எஞ்சின் பாகம் செய்வது பெரிய தாவல் இல்லை.

பழையநெம்பு:
சரிதான். இது ஆட்லருக்கு மட்டும் உள்ள கதையும் அல்ல. கெம்னிட்ஸில் வாண்டரர் 1885இல் சைக்கிளில் தொடங்கியது, 1902இல் மோட்டார் சைக்கிள், 1904இல் 'கான்டினென்டல்' தட்டச்சு. நூரம்பெர்க் ட்ரையம்ப் 1896இல் சைக்கிள், 1903இல் மோட்டார் சைக்கிள், 1909இல் தட்டச்சு. எல்லாருக்கும் வேர் ஒன்றுதான்.

ஜாவா மோட்டார் சைக்கிளின் பெயரில் உள்ள 'ஜா' அதைத் தொடங்கிய யானெச்செக்கின் பெயர், 'வா' வாண்டரரின் 'வா' என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். யானெச்செக் 1929இல் வாண்டரரின் 500 சிசி வண்டிக்கான உரிமையை வாங்கி பிராகில் செய்ய ஆரம்பித்ததால் அந்தப் பெயர். அதற்குத் தனி இழை போடலாம், இங்கே ஆட்லரோடு நிற்போம்.

கார்பன்தாள்:
முதலில் தட்டச்சுப் பக்கம். கிளையர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வெலிங்டன் பார்க்கர் கிடர் என்ற அமெரிக்கரின் வடிவமைப்புக்கு ஜெர்மன் உரிமையை வாங்கினார். அதே பொறி கனடாவில் மான்ட்ரியாலில் 'எம்பயர்' என்ற பெயரில் தயாரானது. ஆட்லரும் முதலில் எம்பயர் என்றே விற்று, பிறகுதான் தன் பெயரைப் போட்டது. நீண்ட காலம் ஓடியது 'ஆட்லர் 7'.

நாம் பார்த்துப் பழகிய பொறிகளில் எழுத்துத் தண்டு வளைவாக மேலே எழும்பி வந்து அடிக்கும். ஆட்லர் 7இல் தண்டுகள் விசிறிபோலப் படுத்திருக்கும். விசையை அழுத்தினால் தண்டு அதன் காடியிலேயே (பள்ளத்திலேயே) நேராக முன்னால் பாய்ந்து தாள் சுற்றிய உருளையைக் குத்தும். விசைகள் மூன்றே வரிசை, மொத்தம் 30. ஒவ்வொரு தண்டின் முனையிலும் மூன்று எழுத்துகள், இரண்டு ஷிஃப்ட்: ஒன்று பெரிய எழுத்துக்கு, மற்றது எண்களுக்கும் குறிகளுக்கும். 30க்கு 90 எழுத்து.

இதில் இரண்டு லாபம். அடித்த வரி உடனே கண்ணுக்குத் தெரியும். 1900இல் சந்தையில் இருந்த பல பொறிகளில் உருளையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது, அடி நேராக விழுவதால் கார்பன் பிரதிகள் கீழ்த்தாள் வரை தெளிவாக வரும். அலுவலகங்கள் இதை வாங்கியதற்கு அந்த இரண்டாவது காரணம்தான் வலுவானது என்பது என் எண்ணம்.

மைவிரல்:
வீட்டில் சும்மா கிடக்கும் ஆட்லர் 7இல் விசையை அழுத்தினால் தண்டு முன்னால் போகிறது, திரும்பி வர மாட்டேன் என்கிறது. ஸ்பிரிங் போய்விட்டதா? எண்ணெய் விட்டால் சரியாகுமா?

பழையநெம்பு:
எண்ணெய் விடாதீர்கள். நேர்க்குத்துப் பொறிகள் கெடுவதே அதனால்தான். யாரோ எப்போதோ காடிகளுக்குள் விட்ட எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகியிருக்கும். ஸ்பிரிங் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

முதலில் ரிப்பனை எடுத்துவிடுங்கள். உருளைக்கு மேல் துணி போட்டு மூடுங்கள், கரைப்பான் ரப்பரில் படக்கூடாது. வெள்ளை ஸ்பிரிட்டை பல் தேய்க்கும் பிரஷில் கொஞ்சமாகத் தொட்டு, தண்டு பாயும் காடியில் மட்டும் தேய்த்து, அந்த விசையை இருபது முப்பது முறை அழுத்துங்கள். வரும் அழுக்கை உடனே பஞ்சுத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விட்டால் அது பக்கத்துக் காடியில் போய் இறுகும். ஒரு நாள் காயவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். மூன்றாம் முறையில் இளகவில்லை என்றால்தான் தண்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காடியில் தண்டுக்கு இருக்கும் இடைவெளி மிகச் சிறியது, மயிரிழை வளைவுக்கே பிடிக்கும்.

காய்ந்த பிறகு காடிக்கு எதுவுமே போடக்கூடாது, உலோகத்தின்மேல் உலோகம் உலர்ந்தே ஓட வேண்டும். எண்ணெய்க்கு உரிமை உள்ள இடம் கேரேஜ் (உருளையைத் தாங்கி நகரும் பகுதி) ஓடும் தண்டவாளம் மட்டும். அங்கும் தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.

எழுத்து முனையில் 'ஒ', 'அ' போன்ற குழிகள் அடைத்திருந்தால் மரக்குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம்.

கிராங்க்வெப்:
ஜெர்மன் எழுத்துப் பொறியில் 'ஒ' 'அ' எங்கே இருக்கு சார் :)

பழையநெம்பு:
'ஓ', 'ஏ' என்று படித்துக்கொள்ளுங்கள். குழி குழிதான்.

சுன்னாகம்சந்தை:
தமிழ் எண்ட பேச்சு வந்ததால் ஒண்டு சொல்லவேணும். தமிழ்த் தட்டச்சுப்பொறியைச் செய்து தந்ததும் ஜேர்மன் கம்பனிதான், ஆனால் ஆட்லர் இல்லை. சுன்னாகத்தில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே விசைப்பலகையை அமைத்தார். முதலாம் உலகப் போருக்குப் பிறகு அதைப் பொறியாகச் செய்தது திரெஸ்டனில் இருந்த சைடல் அண்ட் நவ்மன். அவையளின்ர 'பிஜோ' கைப்பொறியில் தமிழ் வந்தது.

இழைக்கும் இது பொருந்தும். சைடல் அண்ட் நவ்மனும் முதலில் தையல் மெஷின், பிறகு 'ஜெர்மானியா' சைக்கிள், 1900இல் 'ஐடியல்' தட்டச்சு. நடுவில் லாரின் அண்ட் கிளெமென்ட் உரிமத்தில் ஜெர்மானியா மோட்டார் சைக்கிளும் செய்தவை.

முத்தையாவின் அமைப்பில் முக்கியமானது நகரா விசை. வழமையான விசையை அழுத்தினால் அதன் நெம்பு ஒரு பொதுச் சட்டத்தைத் தள்ளும், அந்தச் சட்டம்தான் கேரேஜை ஒரு இடம் நகர விடும். நகரா விசையின் நெம்பு அந்தச் சட்டத்தைத் தொடாது. அதனால் புள்ளியோ விசிறியோ விழுந்தாலும் கேரேஜ் அங்கேயே நிற்கும், அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் விழும். இப்படிச் செய்தபடியால்தான் இருநூற்றுச் சொச்சம் எழுத்துகளை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க முடிந்தது.

கார்பன்தாள்:
அருமையான தகவல், நன்றி. இனி மோட்டார் சைக்கிள்.

1901 வண்டியில் பிரெஞ்சு டி டியான் எஞ்சின், பிறகு சொந்த எஞ்சின். 1907இல் நிறுத்திவிட்டார்கள், கார் நன்றாக விற்றது. அடுத்த நாற்பது ஆண்டு ஆட்லர் என்றால் காரும் தட்டச்சும் சைக்கிளும்தான். ஜெர்மன் கார் பந்தய வீராங்கனை கிளேரனோரே ஸ்டின்னஸ் 1927 மே மாதம் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பியது ஆட்லர் ஸ்டாண்டர்ட் 6 காரில். 1929 ஜூனில் பெர்லினில் முடித்தார், ஏறக்குறைய 47,000 கிலோமீட்டர். 1930 வாக்கில் சில ஆட்லர் கார்களுக்கு உடல் வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் வால்டர் குரோபியஸ். 1932இல் வந்த ட்ரம்ப்ஃப் முன்சக்கர இயக்கம்.

வேலைப்பலகை:
நாற்பது ஆண்டு என்று தாண்டிப் போகக்கூடாத ஒரு பகுதி இருக்கிறது. போர்க்காலத்தில் ஆட்லர் ராணுவத்துக்கு அரைச்சங்கிலி வண்டிகள் (முன்னால் சக்கரம், பின்னால் சங்கிலிப் பட்டை) செய்தது. 1944 ஆகஸ்ட் முதல் 1945 மார்ச் வரை பிராங்க்ஃபர்ட் காலுஸ் பகுதி ஆலைக் கட்டடத்துக்குள்ளேயே 'காட்ஸ்பாக்' என்ற மறைபெயரில் வதைமுகாம் இயங்கியது. 1,600க்கு மேற்பட்ட கைதிகள், பெரும்பாலும் போலந்துக்காரர்கள், வார்சாவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் பலர். அங்கேயே இறந்தவர்கள் மட்டும் 500க்கு மேல். மிச்சம் இருந்தவர்களைக் கடைசியில் நடத்தியே கூட்டிப்போனார்கள், வழியில் விழுந்தவர்களைச் சுட்டார்கள். அந்த வளாகத்தில் 2022இல்தான் நினைவிடம் திறந்தார்கள். பழைய வண்டி ஆர்வலர்கள் எழுதும் வரலாறுகள் 1939இலிருந்து 1949க்கு ஒரே தாவாகத் தாவுவது வழக்கம்.

கிராங்க்வெப்:
இதைச் சேர்த்தது நல்லது.

1949க்குப் பிறகு: கார் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். காட்சிக்கு வைத்த ட்ரம்ப்ஃப் ஜூனியர் மாதிரி அதோடு நின்றது. அதற்குப் பதில் எம் 100, 98 சிசி ஒற்றை சிலிண்டர் டூஸ்ட்ரோக். அடுத்து எம் 125, எம் 150. பிறகு இரட்டை சிலிண்டர்: எம் 200, 1952இல் எம் 250. 1954இல் எம்பி 250.

எம் 250இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 54 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 54 மிமீ. கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டர் 123.7, இரண்டும் சேர்ந்து 247 சிசி. எம் 200இல் ஸ்ட்ரோக் அதே 54, போர் மட்டும் 48, 195 சிசி. கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒன்றை வைத்தே இரண்டு எஞ்சின். 16 குதிரைசக்தி, 4 கியர். அந்த நாளைய 250க்கு இது நல்ல எண். பின்னால் வந்த ஸ்பிரின்டரில் இன்னும் கூடுதல்.

இந்த எஞ்சினில் பார்க்க வேண்டியது இரண்டு: கிராங்க் நடுவில் இணையும் விதம், கிளட்ச் இருக்கும் இடம்.

கிராங்கை இரண்டு பாதியாகச் செய்து நடுவில் ஹிர்த் பற்களால் கோத்திருக்கிறார்கள். இரண்டு முகத்திலும் மையத்திலிருந்து வெளியே விரியும் ஆப்பு வடிவப் பற்கள். நடுவில் ஓடும் போல்ட் இழுத்தால் பற்கள் தாமாகவே மையம் கொள்ளும். பிரெஸ் போட்டு அழுத்தி, செம்புச் சுத்தியால் தட்டி நேராக்கும் வேலை நடுவில் இல்லை.

மோகனூர்மெக்:
தாமாகவே மையம் கொள்ளும்னு நம்பி அப்படியே பூட்டிடாதீங்க. பல்லுக்கு நடுவுல ஒரு சின்ன பிசிறு இருந்தாலும் கிராங்க் ஆடும். பூட்டுறதுக்கு முன்னாடி பல்லை பித்தளை பிரஷ்ல தேய்ச்சு, கரைப்பான்ல கழுவி, காத்து அடிச்சுப் பாக்கணும். பூட்டினப்புறம் வி பிளாக்ல வச்சு டயல் கேஜ் போடணும். ரெண்டு முனையிலயும் 0.03 மிமீக்கு மேல ஆடினா கழட்டித் திரும்பப் பூட்டுங்க, அப்படியே ஓட்டினா பேரிங் சத்தம் போட ஆரம்பிச்சுடும்.

இன்னொண்ணு. பிரிக்கும்போதே ரெண்டு பாதியிலயும் குறி போட்டுக்கணும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் கிராங்க் பூட்டிக்கும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு கிராங்க் பின்னும் 180 டிகிரியில இருக்காது, ஒரு சிலிண்டருக்கு இக்னிஷன் டைமிங் வச்சா இன்னொண்ணு வராது. இக்னிஷன் பாயிண்ட்டை மாத்தி மாத்தி நாள் போயிடும்.

புகைமூட்டம்:
கிளட்சைக் கிராங்க் முனையிலேயே மாட்டியது நல்ல யோசனையா? கியர்பாக்ஸ் மேல் போட்டிருக்கலாமே?

கிராங்க்வெப்:
காகிதத்தில் நல்ல யோசனை. கிராங்குக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உள்ள பிரைமரி கியர் வேகத்தைப் பாதியாக்குகிறது என்று வைத்தால், கியர்பாக்ஸ் தண்டில் கிளட்ச் தாங்க வேண்டிய முறுக்குவிசை இரண்டு மடங்கு. கிராங்கிலேயே வைத்தால் ஒரு மடங்குதான். ஆகவே தகடு சிறியது, ஸ்பிரிங் மெல்லியது, லீவர் இலகுவாக இருக்கும்.

விலை எங்கே கொடுக்கிறோம் என்றால், கிளட்ச் எஞ்சின் வேகத்திலேயே சுற்றுகிறது. தகடுகள் சரியாகப் பிரியாமல் இழுக்கும். கியர் மாற்றும்போது 'டக்' என்று அடிக்கும். அதோடு கிராங்கின் கடைசிப் பேரிங்குக்கு வெளியே அவ்வளவு எடை தொங்குகிறது. சாலை வண்டிக்குப் பரவாயில்லை. ரேஸ் வேகத்தில் அந்தப் பக்கத் தண்டு தளரும். இந்தத் தொல்லையை ஆட்லரைவிட அதிகமாக அனுபவித்தது யமஹா.

மோகனூர்மெக்:
கிராங்கை வெளிய எடுக்க முதல்ல கிளட்சைத்தான் எடுத்தாகணும். தண்டு டேப்பர் (கூம்பு மாதிரி), புல்லர்ங்கிற இழுப்புக் கருவி இல்லாம வராது. ரெண்டு ஸ்குரூடிரைவர் வச்சு நெம்பினா கிராங்க் கேஸ் முகம் சேதமாகும், அந்த இடத்துல அப்புறம் ஆயில் ஒழுகிக்கிட்டே இருக்கும்.

புகைமூட்டம்:
யமஹா என்றதும் கேட்கிறேன். நம்ம ராஜ்தூத் 350 ஆட்லர் காப்பி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

கிராங்க்வெப்:
காப்பி இல்லை, வம்சம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

யமஹாவின் முதல் வண்டி ஒய்ஏ 1, 1955, டிகேடபிள்யூ ஆர்டி 125ஐப் பார்த்துச் செய்தது. 250க்குப் போகும்போது ஆட்லர் எம்பி 250 ஒன்றை வாங்கி ஆராய்ந்தார்கள். அப்படியே எடுத்துச் செய்வதாகத்தான் முதலில் திட்டம், இளம் பொறியாளர்கள் தாங்களே வடிவமைப்பதாகக் கேட்டு வாங்கினார்கள் என்பது யமஹா தரப்பு வரலாறு. 1957இல் வந்த ஒய்டி 1இன் போரும் ஸ்ட்ரோக்கும் அதே 54க்கு 54. கிளட்ச் கிராங்க் முனையில். அந்த ஆண்டே ஆசாமா எரிமலை ஓட்டப்பந்தயத்தில் 250 பிரிவில் முதல் மூன்று இடமும் யமஹாவுக்கு.

அங்கிருந்து விலகல் ஆரம்பம். 1959 ஒய்டிஎஸ் 1இல் போர் 56, ஸ்ட்ரோக் 50, ஐந்து கியர். ரேஸ் வண்டியான டிடி 1 'ஏ', 'பி' இரண்டிலும் கிராங்க் முனைக் கிளட்ச்தான் தலைவலி. 'சி'யில் அதைக் கியர்பாக்ஸ் தண்டுக்கு மாற்றினார்கள். 1973இல் ஆர்டி 350 வரும்போது ரீட் வால்வு, தனி ஆயில் பம்ப், போர் 64, ஸ்ட்ரோக் 54. எஸ்கார்ட்ஸ் பரீதாபாத்தில் 1983 முதல் செய்த ராஜ்தூத் 350 அதன் அடக்கிய வடிவம்: முன் டிஸ்க் பிரேக்குக்குப் பதில் டிரம், சக்தியும் குறைவு. ஸ்ட்ரோக் 54 என்று ஒத்துப்போவதை வைத்து மாலை கட்ட வேண்டாம், அது தற்செயல்.

சுசூகியின் 1956 கொலெடா டிடி, இங்கிலாந்தில் வால் பேஜ் வடிவமைத்த 1958 ஏரியல் லீடர் இரண்டுமே 54க்கு 54 இரட்டை டூஸ்ட்ரோக். ஆட்லரைப் பார்க்காமல் வந்தவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மோகனூர்மெக்:
இந்தக் குடும்பத்து எஞ்சின் எல்லாத்துக்கும் பொதுவான நோய் ஒண்ணு. டூஸ்ட்ரோக் ரெட்டை சிலிண்டர்ல ஒவ்வொரு சிலிண்டருக்கும் கீழ கிராங்க் அறை தனித்தனி. அந்த அறைதான் பம்ப் மாதிரி வேலை செய்யுது, காத்து கசியக்கூடாது. அதனால சீல் (கசிவை அடைக்கிற வளையம்) மூணு இடம்.

டைனமோ பக்க சீல் போனா வெளிக்காத்து உள்ள வரும். கலவை மெலிஞ்சு, ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காம நிக்கும். பிளக் வெளுக்கும், கவனிக்கலைன்னா பிஸ்டன் பிடிக்கும்.

கிளட்ச் பக்க சீல் போனா அங்க இருக்கிற ஆயிலை உறிஞ்சும். புகை நிக்காது, பிளக் ஈரமா இருக்கும், ஆயில் லெவல் இறங்கிக்கிட்டே போகும். நிறைய பேர் இதுக்கு ரிங் மாத்திப் பாக்குறாங்க.

நடுவுல அடைப்பு தேஞ்சா ஒரு அறை இன்னொரு அறைக்குள்ள ஊதும். ஐடிலிங் நிக்காது, ரெண்டு பிளக்கும் ரெண்டு நிறத்துல இருக்கும். கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் சரியாகாது.

பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டையும் ரப்பர் வச்சு அடைச்சு, பிஸ்டனைக் கீழ இறக்கி, பிளக் ஓட்டை வழியா 0.4 பார் காத்து ஏத்துங்க, அதுக்கு மேல வேண்டாம், சீல் பிதுங்கிடும். ஆறு நிமிஷம் நின்னா நல்லது. இறங்கினா சோப்புத் தண்ணி. வெளிய எங்கயும் குமிழி இல்லாம இறங்குதுன்னா, மத்த சிலிண்டரோட இன்டேக் அடைப்பைக் கழட்டி அந்த வாயில சோப்புப் படலம் வையுங்க. உப்பினா நடு அடைப்புதான்.

பெட்ரோல்ல ஆயில் 25க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. இன்னைக்கு ஆயில் நல்லா இருக்குன்னு 50க்கு 1 போடுறவங்க கூடவே கார்புரேட்டர் ஜெட்டையும் (பெட்ரோல் வர்ற சின்னத் துளை) பாக்கணும். ஆயிலைக் குறைச்சா அதே ஜெட்டுல பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாப் போகும், கூட்டினா கலவை மெலியும். ரெண்டையும் தனித்தனியா யோசிக்காதீங்க.

மைவிரல்:
இவ்வளவு நல்ல எஞ்சினை ஏன் 1957இல் நிறுத்தினார்கள்?

வேலைப்பலகை:
எஞ்சின் தோற்கவில்லை, வாங்குபவர் போய்விட்டார். 1950களின் நடுவில் ஜெர்மன் தொழிலாளிக்குக் கூரை உள்ள வண்டி எட்டியது: இசெட்டா, கோகோமொபில் போன்ற குட்டிக் கார்கள், கொஞ்சம் சேர்த்தால் ஃபோக்ஸ்வாகன். குடும்பத்தோடு மழையில் 250இல் போவதற்கு ஆள் இல்லை. மோட்டார் சைக்கிள் செய்த ஹோரெக்ஸ் 1956இல் படுத்தது. டிகேடபிள்யூ 1958இல் மற்றவர்களோடு சேர்க்கப்பட்டது.

ரேடியோ முதலாளி மாக்ஸ் கிரண்டிக் அப்போது கடிதம் சொல்லிப் பதிவு செய்யும் கருவிகளும் விற்றார். பக்கத்திலேயே தட்டச்சும் இருந்தால் அலுவலகம் முழுக்க அவர் சரக்கு. 1956-57இல் நூரம்பெர்க் ட்ரையம்பையும் ஆட்லரையும் அடுத்தடுத்து வாங்கினார், இரண்டிலும் மோட்டார் சைக்கிளை மூடினார். அவர் வாங்கியது தட்டச்சு வரிசைக்காக, வண்டி அவருக்குச் சுமை. ரசிகர்கள் அவரை வில்லனாக்குவார்கள், அந்த ஆண்டின் விற்பனை நிலவரத்தில் வேறு யார் வாங்கியிருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்.

பிறகு ட்ரையம்ப்-ஆட்லர் கைமாறிய வரிசை: 1960களின் கடைசியில் அமெரிக்க லிட்டன், 1979இல் ஃபோக்ஸ்வாகன், 1986இல் ஒலிவெட்டி. பின்னாளில் அந்தப் பெயர் கியோசெராவிடம் போய், பிரின்டர்களின்மேல் வந்தது.

புகைமூட்டம்:
ட்ரையம்ப் இங்கிலாந்து கம்பெனி இல்லையா?

பழையநெம்பு:
இரண்டையும் தொடங்கியவர் ஒருவர்தான். நூரம்பெர்க்கில் பிறந்து கவென்ட்ரியில் குடியேறிய சீக்ஃப்ரீட் பெட்மன். கவென்ட்ரி ட்ரையம்ப் தாய், நூரம்பெர்க் 1896இல் தொடங்கிய கிளை. 1929 வாக்கில் உறவு முறிந்தது. வெளிநாட்டில் குழப்பம் வராமல் ஜெர்மன் வண்டிகளை டிடபிள்யூஎன் (ட்ரையம்ப் வெர்க்கே நூரம்பெர்க்) என்று விற்றார்கள். அவர்களின் சிறப்பு இரட்டைப் பிஸ்டன்: ஒரே எரி அறையின் கீழ் இரண்டு பிஸ்டன், ஒன்று கலவை வரும் துளையைத் திறக்கும், மற்றது எக்ஸாஸ்ட் துளையை. எக்ஸாஸ்ட் முன்னதாகவே மூடுவதால் புதுக் கலவை வீணாக வெளியே ஓடாது. பெட்ரோல் மிச்சம், எடை கூடுதல்.

மைவிரல்:
கடைசியாக ஒன்று. ஆட்லர் பாகம் தேடினால் 'ஃபாவரிட்' என்ற பெயரில் தட்டச்சுப் பாகமாகவே வருகிறதே?

மோகனூர்மெக்:
அதே பேர்ல ரெண்டும் இருந்துச்சு, அதனாலதான். தேடும்போது எம்பி 250ன்னு மாடல் எண்ணையும் சேர்த்துப் போடுங்க. சீலும் பேரிங்கும் ஆட்லர் பேர்ல தேடவே வேண்டாம். பழசை எடுத்து உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூணையும் வெர்னியர்ல அளந்து, பேரிங் கடையில அந்த அளவைக் கேளுங்க. கிராங்க் சீலுக்கு விட்டான் ரப்பர் கேட்டு வாங்குங்க, எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் சீக்கிரம் ஊறிடும். அதே காரணத்துக்கு பெட்ரோல் டியூபையும், கார்புரேட்டர் மிதவை ஊசியோட முனை ரப்பரா இருந்தா அதையும் சேர்த்து மாத்திடுங்க.